1.2 கெல்வினில் மின்தடை பூஜ்யம்: மீக்கடத்தலா, அலுமினியமா?

மலைப்பாதை, பீட்டர்மாரிட்ஸ்பர்க் | 9 பிப்ரவரி 2026, இரவு 8.50

முறுக்கிய ஈரடுக்கு கிராஃபீன்: ஓரணுத் தடிமன் கார்பன் தாள்கள் இரண்டு, ஒன்றின் மேல் ஒன்று சற்றுத் திருப்பி. குறிவைத்த கோணம் 1.1 டிகிரி. மேலும் கீழும் போரான் நைட்ரைடு, அடியில் கிராஃபைட் கேட் (மின்னழுத்தத்தால் எலக்ட்ரான் எண்ணிக்கையை மாற்றும் முனை), ஓரத்தொடர்புகள் குரோமியம்-தங்கம். ஹீலியம்-3 குளிரூட்டி, அடிமட்டம் 0.3 கெல்வின். 10 நானோஆம்பியர், 17.77 ஹெர்ட்ஸ், நான்குமுனை அளவீடு (இரண்டு முனையில் மின்னோட்டம், வேறு இரண்டில் மின்னழுத்தம்). கேட்டை −2 வோல்ட் பக்கம் கொண்டுபோனால் 4 கிலோஓம் இருந்த மின்தடை 1.2 கெல்வினில் திரையில் பூஜ்யமாகிறது. 2018-இல் எம்.ஐ.டி. குழு கண்டது 1.7 கெல்வின். எனக்குக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். மீக்கடத்தல், அதாவது மின்தடையே இல்லாத நிலை, என்று எழுதிவிடலாம் என்கிறேன். மறுப்பவர்கள் காரணம் சொல்லுங்கள்.

மேட்டுநிலம், ஜோஹானஸ்பர்க் | 9 பிப்ரவரி, இரவு 9.15

1.2 கெல்வின் என்றால் அலுமினியம். சில்லிலிருந்து தாங்கிக்கு இழுத்த கம்பி அலுமினியம்தானே? அதன் மாறுநிலை வெப்பநிலை, மீக்கடத்தியாகும் புள்ளி, 1.18. நீங்கள் அளந்தது கம்பியை.

கடற்காற்று, டர்பன் | 9 பிப்ரவரி, இரவு 10.30

கம்பியாக இருக்க முடியாது. 25 மைக்ரோமீட்டர் தடிமனில் 3 மில்லிமீட்டர் நீளக் கம்பிக்கு அறை வெப்பநிலையிலேயே 0.2 ஓம் கூட வராது. குளிர்ந்தால் இன்னும் குறையும். அது மீக்கடத்தியானாலும் 4000 ஓமை விழுங்க அதனிடம் என்ன இருக்கிறது? நான்குமுனை அளவீட்டில் கம்பியின் தடை கணக்கிலும் சேராது.

அதற்காக மலைப்பாதை சொன்னதை அப்படியே ஏற்கவில்லை. திரையில் பூஜ்யம் வர மீக்கடத்தல் தவிர வேறு வழிகள் உண்டு, அவற்றை ஒவ்வொன்றாக மூட வேண்டும்.

முதலில் லாக்-இன் கருவியின் (ஒரே அதிர்வெண்ணின் குறியை மட்டும் பிரித்தெடுப்பது) இரண்டாவது வாசிப்பைப் பாருங்கள், மின்னோட்டத்துக்கு 90 டிகிரி தள்ளி வருவது. குளிரில் மின்னழுத்த முனை ஒன்றின் தொடர்புத் தடை மெகாஓமுக்கு ஏறிவிட்டால், கேபிளின் மின்தேக்கமும் வடிகட்டியும் சேர்ந்து குறியைத் தின்றுவிடும். முதல் வாசிப்பு பூஜ்யத்துக்கு இறங்கும், இரண்டாவது எழும்பும். உண்மையான பூஜ்யத்தில் இரண்டுமே அடங்கியிருக்கும். அதோடு ஒவ்வொரு முனையின் இருமுனைத் தடையையும் 0.3 கெல்வினில், அதே கேட் அழுத்தத்தில் எடுத்து வையுங்கள். அறை வெப்பநிலையில் எடுத்த எண் இங்கே செல்லாது. கேட் கிராஃபைட் எட்டாத ஓரப்பகுதி குளிரில் கடத்தாமல் போவது சாதாரணமாக நடப்பதுதான். அப்போது அடியில் இருக்கும் சிலிக்கானுக்கு அழுத்தம் கொடுத்து அந்தப் பகுதியை எழுப்ப வேண்டும்.

கடற்காற்று, டர்பன் | 10 பிப்ரவரி, காலை 6.20

பூஜ்யம் என்றால் எவ்வளவு? 10 நானோஆம்பியரில் 1 ஓம் தருவது 10 நானோவோல்ட். உங்கள் இரைச்சல் மட்டம் 20 நானோவோல்ட் என்றால் 2 ஓமுக்குக் கீழே நீங்கள் எதையும் பார்க்கவில்லை. "பூஜ்யம்" என்று எழுதாமல் "2 ஓமுக்குக் கீழ்" என்று எழுதுங்கள்.

இரைச்சலைக் குறைக்க மின்னோட்டத்தை ஏற்றாதீர்கள். 2018 மாதிரியின் மாறுநிலை மின்னோட்டமே 50 நானோஆம்பியர் சுற்றளவுதான். ஏற்றினால் தேடும் பொருளையே கொன்றுவிடுவீர்கள். சராசரி எடுக்கும் நேரத்தை நீட்டுங்கள். 1 வோல்ட்டும் 100 மெகாஓமும் தொடராக வைத்தால் 10 நானோஆம்பியர் நிலையாக நிற்கும், மாதிரி கிலோஓம் கணக்கில் மாறினாலும் மின்னோட்டம் அசையாது.

மேட்டுநிலம், ஜோஹானஸ்பர்க் | 10 பிப்ரவரி, காலை 7.05

அலுமினியத்தை அவ்வளவு எளிதாகத் தள்ளாதீர்கள் அக்கா. கம்பி வேண்டாம், விடுகிறேன். தொடர்பு உலோகத்திலேயே அலுமினியம் இருந்தால்? கிராஃபீனின் இரண்டு பக்கமும் அலுமினியம் வைத்து, இடைவெளி 300 நானோமீட்டர் விட்டால், நடுவில் இருக்கும் சாதாரண கிராஃபீன் வழியாகவே மீமின்னோட்டம் ஓடும். 2007 முதல் செய்துகாட்டப்பட்ட விஷயம்.

கடற்காற்று, டர்பன் | 10 பிப்ரவரி, காலை 7.40

இது சரியான இடம். நேற்று கம்பியை மட்டும் பார்த்துவிட்டு அலுமினியத்தையே மூடிவிட்டேன், திருத்திக்கொள்கிறேன். இந்த அண்மை விளைவு, பக்கத்து மீக்கடத்தியின் குணம் கிராஃபீனுக்குள் கசிவது, 4 கிலோஓமையும் பூஜ்யமாக்கும், கேட்டுக்கும் கீழ்ப்படியும். வரைபடத்தில் அசல் மீக்கடத்தல் போலவே தெரியும்.

மலைப்பாதை, உங்கள் தொடர்பு குரோமியம்-தங்கம் என்கிறீர்கள். உலோகம் ஆவியாக்கிய கலனில் அதற்கு முன் அலுமினியம் போட்டிருந்தார்களா என்று கேளுங்கள். முனைகளின் இடைவெளி எவ்வளவு? 2 மைக்ரோமீட்டருக்கு மேல் என்றால் அண்மை விளைவின் வாய்ப்பு மிகவும் சுருங்கும்.

இதைத் தீர்க்கக் காந்தம் போதும். கட்டியான அலுமினியம் 10 மில்லிடெஸ்லாவில் செத்துவிடும் (மெல்லிய படலம் கொஞ்சம் கூடத் தாங்கும்). மாயக்கோணக் கிராஃபீனில் (1.1 டிகிரி அளவு திருப்பியது) மீக்கடத்தும் எலக்ட்ரான் சோடியின் நீளம் 50 நானோமீட்டர் அளவு. அதிலிருந்து கணக்குப் போட்டால் செங்குத்துப் புலம் 100 மில்லிடெஸ்லா சுற்றளவு வரை நிற்க வேண்டும். 20-இல் வைத்துப் பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்தச் சோதனையைக் காந்தத்தைப் பெரிய புலத்துக்கு ஏற்றும் முன் செய்ய வேண்டும். 9 டெஸ்லா போய்த் திரும்பிய காந்தக் கம்பிச்சுருளில் பல மில்லிடெஸ்லா சிக்கிக்கொண்டு நிற்கும், திரை மட்டும் 0 என்று காட்டும். ஏற்கெனவே ஏற்றிவிட்டீர்களென்றால் திசையை மாற்றி மாற்றி, ஒவ்வொரு சுற்றிலும் அளவைக் குறைத்து இறக்குங்கள்.

கரும்புத்தோட்டம், ஸ்டாங்கர் | 10 பிப்ரவரி, மாலை 5.30

நடுவில் நுழைகிறேன், பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். இரண்டு கேள்வி. மெல்லியதாக்கினால் மீக்கடத்தல் கூடுமா குறையுமா? கிராஃபீனைத் திருப்பி வைத்தால் மட்டும் எப்படி வருகிறது, கார்பன் அதே கார்பன்தானே?

கடற்காற்று, டர்பன் | 10 பிப்ரவரி, இரவு 9.10

பொருளைப் பொறுத்தது. நியோபியம் டைசெலினைடை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டியாக 7.2 கெல்வின், ஈரடுக்கில் ஏறக்குறைய 5, ஓரடுக்கில் 3. இறங்குகிறது. ஆனால் ஓரடுக்கு இன்னொன்றைக் கொடுக்கிறது. அடுக்குக்கு இணையாகக் காந்தப்புலம் வைத்தால், 3 கெல்வின் மீக்கடத்திக்குச் சாதாரணக் கணக்கில் 5.6 டெஸ்லாதான் எல்லை (கெல்வினுக்கு 1.86 வீதம்). ஓரடுக்கு அதைப்போல் ஆறு மடங்குக்கு மேல் தாங்குகிறது. 2016-இல் வெளிவந்த முடிவு. ஓரடுக்கில் தலைகீழ்ச் சமச்சீர் இல்லை, நியோபியம் கனமான அணு, ஆகவே எலக்ட்ரானின் சுழற்சி தளத்துக்குச் செங்குத்தாகப் பூட்டிக்கொள்கிறது. கிடைமட்டப் புலம் அந்தப் பூட்டைத் திறக்க முடியாமல் நிற்கிறது. சோடியில் ஒன்று மேல்நோக்கி, மற்றது கீழ்நோக்கி.

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. இரும்பு செலினைடு கட்டியாக 8 கெல்வின். ஸ்ட்ரான்சியம் டைட்டனேட் மேல் ஓரடுக்காக வளர்த்தால் ஆற்றல் இடைவெளி 65 கெல்வின் அருகில்தான் மூடுகிறது, 2012-இல் சீனக் குழு தொடங்கியது. அடியில் இருக்கும் பொருள் சும்மா தாங்கிக்கொண்டிருக்கவில்லை. பிஸ்மத் குப்ரேட்டில் ஓரடுக்கும் கட்டியும் கிட்டத்தட்ட ஒன்றே என்று 2019-இல் காட்டினார்கள். அதற்கு உரிக்கும் மேடையையே மைனஸ் 40 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டியிருந்தது, இல்லையென்றால் ஆக்சிஜன் வெளியேறிக் காப்புப்பொருளாகிவிடும்.

கிராஃபீனுக்கு வருகிறேன். இரண்டு மெல்லிய ஆர்கன்சா சேலை மடிப்புகள் லேசாகச் சாய்ந்து விழும்போது இழைகளைவிடப் பெரிய அலை ஒன்று தெரியும், பார்த்திருப்பீர்கள். அதுதான் மொய்ரே. கிராஃபீனில் அணுச்சட்டகத்தின் அலகு 0.246 நானோமீட்டர். 1.1 டிகிரி சாய்த்தால் அலையின் நீளம் 12.8. எலக்ட்ரான் இப்போது அந்தப் பெரிய கட்டத்துக்குள் நகர்கிறது. அந்தக் கோணத்தில் மட்டும் ஆற்றல் பட்டை ஏறக்குறைய தட்டையாகிறது. தட்டை என்றால் எலக்ட்ரான் மெதுவாகும், மெதுவானால் ஒன்றையொன்று தள்ளும் விசை கையோங்கும். 2011-இல் பிஸ்ட்ரிட்ஸரும் மெக்டொனால்டும் காகிதத்தில் கணித்தது இந்தத் தட்டைப் பட்டையைத்தான். மீக்கடத்தல் 2018-இல் ஆய்வகத்தில் தானாக வந்து நின்றது. எலக்ட்ரான்களைச் சோடி சேர்ப்பது எது என்பதில் இன்றும் உடன்பாடு இல்லை. என் சாய்வு எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளும் விசையின் பக்கம், ஆனால் அணுச்சட்டகத்தின் அதிர்வுகளின் பங்கை மறுக்க எனக்குத் துணிவு இல்லை.

திருப்பாமலும் வரும். சாய்சதுர அடுக்கில் நிற்கும் மூவடுக்கு கிராஃபீனில் 0.1 கெல்வின், 2021. திருப்பியதிலேயே கார்பன் இல்லாததும் உண்டு: முறுக்கிய டங்ஸ்டன் டைசெலினைடில் 2025 தொடக்கத்தில் இரண்டு குழுக்கள், ஒன்று 3.65 டிகிரியில், இன்னொன்று 5 டிகிரியில். கார்பனோடு இது நிற்கவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

மலைப்பாதை, பீட்டர்மாரிட்ஸ்பர்க் | 11 பிப்ரவரி, மதியம் 1.10

இடைவெளி 2.4 மைக்ரோமீட்டர். கலனில் முந்தைய வேலை தங்கம். இரண்டாவது வாசிப்பு அமைதி. கேட் கணக்கில் சந்தேகம்: போரான் நைட்ரைடு 30 நானோமீட்டர், அரை நிரப்பு (ஆற்றல் பட்டை பாதி நிரம்பும் நிலை) எத்தனை வோல்ட்டில் வர வேண்டும்?

கடற்காற்று, டர்பன் | 11 பிப்ரவரி, மதியம் 1.45

30 நானோமீட்டரில் ஒரு வோல்ட்டுக்குச் சதுர சென்டிமீட்டருக்கு 74 ஆயிரம் கோடி எலக்ட்ரான். 1.1 டிகிரியில் பட்டை முழுதும் நிரம்ப 2.8 லட்சம் கோடி, பாதி 1.4 லட்சம் கோடி. ஆக 1.9 வோல்ட். மீக்கடத்தலைத் துளைப் பக்கம் (எலக்ட்ரானை எடுக்கும் எதிர்மறைக் கேட் பக்கம்), பாதிக்குச் சற்று அப்பால் தேடுங்கள்.

கடற்காற்று, டர்பன் | 11 பிப்ரவரி, இரவு 8.00

மேலே போட்டதில் போரான் நைட்ரைடின் மின்கடவா மாறிலியை 4 என்று வைத்துவிட்டேன். செங்குத்துத் திசைக்கு அது அதிகம். 3.4 வைத்தால் வோல்ட்டுக்கு 63 ஆயிரம் கோடி, பாதி நிரப்பு 2.2 வோல்ட்டில். உங்கள் பூஜ்யம் −2 பக்கம் என்பதால் இந்த வித்தியாசம் முக்கியம்: பாதிக்கு அப்பாலா, இப்பாலா என்பதே மாறிவிடும். என் எண்ணையும் நம்பாதீர்கள். சில டெஸ்லாவில் கேட்டை ஓட்டி லாண்டாவ் விசிறியை (கேட்டுக்கும் புலத்துக்கும் எதிரே மின்தடையின் வரைபடம், கோடுகள் விசிறிபோல் விரியும்) வரையுங்கள், கோடுகள் வந்து சேரும் இடங்களிலிருந்து மின்தேக்கமும் கோணமும் இரண்டும் கிடைக்கும். முழு நிரப்பு எண் கோணத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது: 1.1-க்கு 2.8 என்றால் 1.0-க்கு 2.3 லட்சம் கோடி.

மேட்டுநிலம், ஜோஹானஸ்பர்க் | 12 பிப்ரவரி, காலை 8.30

வெப்பமானியைச் சரிபார்த்தீர்களா? இங்கே புதிதாக வருபவர்கள் எல்லோரும் தடுமாறும் இடம்: திரவ நைட்ரஜனில் முக்கினால் 77.4 வராது, 75.6 அருகில் நிற்கும். உணரி கெட்டுவிட்டது என்று மாற்றப் போவார்கள். உணரி சரி. ஜோஹானஸ்பர்க் 1750 மீட்டர் உயரம், காற்றழுத்தம் கடல்மட்டத்தைப் போல் ஐந்தில் நான்கு பங்குதான். சோறு வேக நேரமாவது போலத்தான் இதுவும். திரவ ஹீலியமும் 4.2-க்குப் பதில் 4.0-இல் கொதிக்கும்.

கடற்காற்று, டர்பன் | 12 பிப்ரவரி, காலை 9.10

நல்ல நினைவூட்டல். நைட்ரஜனை நம்பாமல் சரிபார்க்க வழி இருக்கிறது. அதே தாங்கியில், மாதிரிக்குப் பக்கத்தில், தடித்த நியோபியம் டைசெலினைடு செதில் ஒன்றை வெள்ளிப்பசையால் ஒட்டி நான்கு கம்பி இழுங்கள். 7.2-இல் அது விழ வேண்டும். தாழ்ந்த பக்கம் அலுமினியக் கம்பித் துண்டு ஒன்று 1.18 காட்டும். மேட்டுநிலம் சந்தேகப்பட்ட அதே அலுமினியம் இப்போது அளவுகோல்.

தாங்கியில் ஈய-வெள்ளீயப் பற்றாசு இருந்தால் 7 கெல்வின் அருகில் சிறு படி தெரியும், இண்டியம் இருந்தால் 3.4-இல். அவை இருமுனை அளவில் ஓமின் பின்னங்களாக வரும். அவற்றைக் கண்டுபிடிப்பு என்று எண்ணிவிடக் கூடாது.

கரும்புத்தோட்டம், ஸ்டாங்கர் | 12 பிப்ரவரி, இரவு 7.20

2023-இல் கொரியாவிலிருந்து வந்த அறை வெப்பநிலையிலேயே மீக்கடத்தி என்று சொல்லப்பட்ட கல்லும் இப்படித்தான் ஏமாற்றியதா?

கடற்காற்று, டர்பன் | 12 பிப்ரவரி, இரவு 7.50

ஆம், அதே வகை. அதற்குள் கலந்திருந்த செம்பு சல்ஃபைடு 104 டிகிரி செல்சியஸ் அருகில் படிக அமைப்பு மாறும் பொருள், அங்கே மின்தடை திடீரென இறங்கும். இறக்கம் உண்மை, பெயர் தவறு.

மேட்டுநிலம், ஜோஹானஸ்பர்க் | 14 பிப்ரவரி, மாலை 4.40

இங்கே மாலை இடி தொடங்கிவிட்டது. மின்சாரம் ஒரு நொடி போனாலும் க்ளவ்பாக்ஸின் (காற்றுப் புகாமல் கையுறை வழியாக வேலை செய்யும் ஆர்கான் பெட்டி) வாயுச் சுழற்சி நிற்கிறது, செலினைடு செதில்கள் உள்ளே கிடக்கின்றன. நீங்கள் என்ன செய்வீர்கள்?

கடற்காற்று, டர்பன் | 14 பிப்ரவரி, மாலை 6.00

கைவால்வுகளை உடனே மூடுங்கள், செம்பு வினையூக்கியையும் ஈரம் உறிஞ்சும் மணிகளையும் பெட்டியிலிருந்து பிரிக்க. உள்ளழுத்தம் வெளியைவிடச் சற்றுக் கூட இருக்க ஆர்கான் உருளையிலிருந்து நேராக விடுங்கள், அதற்கு மின்சாரம் வேண்டாம். ரப்பர் கையுறைகள் வழியாகத்தான் ஈரம் அதிகம் ஊறும், முகத்தட்டு மூடி இருந்தால் கையுறை வாயில் போட்டுவிடுங்கள். மின்சாரம் திரும்பியதும் ஆக்சிஜனும் நீரும் பிபிஎம் கணக்கில் 0.1-க்கு இறங்கும் வரை ஓரடுக்கை உரிக்காதீர்கள். காற்றில் சில மணி நேரம் கிடந்த ஓரடுக்கு நுண்ணோக்கியில் அப்படியே அழகாகத் தெரியும், குளிர்வித்தால் பூஜ்யம் வராது. கண்ணுக்குத் தெரியாததால்தான் இந்தப் பிழை இத்தனை மாதங்களைத் தின்கிறது.

உரித்த கையோடு போரான் நைட்ரைடால் மூடிவிடுவதே நம்பகமான காப்பு.

டர்பனில் பிப்ரவரிப் புழுக்கம் வேறு தொல்லை. சிலிக்கா மேல் நீர்ப்படலம் உட்கார்ந்துவிடும், கிராஃபீன் பிடிக்காது. ஆக்சிஜன் பிளாஸ்மாவிலிருந்து எடுத்த இரண்டு நிமிடத்துக்குள் ஒட்டுநாடாவை அழுத்தி, 100 டிகிரி தட்டில் ஒன்றிரண்டு நிமிடம் வைத்து, ஆறவிட்டு மெதுவாக உரிக்க வேண்டும். பிளாஸ்மா முடிந்து தேநீர் குடித்துவிட்டு வந்தால் பாதிச் செதில் இல்லை.

மலைப்பாதை, பீட்டர்மாரிட்ஸ்பர்க் | 16 பிப்ரவரி, இரவு 11.25

முடிவுகள். செங்குத்துப் புலம் 20 மில்லிடெஸ்லாவில் பூஜ்யம் அப்படியே. 90 தாண்டியதும் மின்தடை எழும்புகிறது. மின்னோட்டத்தை ஏற்றினால் 35 நானோஆம்பியரில் மின்னழுத்தம் குதிக்கிறது. அலுமினியச் சந்தேகம் செத்தது. ஆனால் 3-4 முனைகளுக்கிடையே 2 ஓமுக்குக் கீழ், பக்கத்தில் 5-6 இடையே 40 ஓம் நிற்கிறது, இறங்கவே இல்லை. 4-5 இடையே மைனஸ் 12 ஓம்! எதிர்மறை மின்தடை எங்கிருந்து?

கடற்காற்று, டர்பன் | 17 பிப்ரவரி, காலை 6.05

மைனஸ் 12 தான் இந்த இழையிலேயே அதிகம் சொல்லும் எண். மின்னோட்டம் நீங்கள் நினைக்கும் நேர்கோட்டில் போகவில்லை. மாதிரிக்குள் கோணம் இடத்துக்கு இடம் மாறுகிறது. சில இடம் மீக்கடத்தி, சில இடம் இல்லை. மின்னோட்டம் எளிய வழி தேடி வளைகிறது, அந்த வளைவில் இரண்டு முனைகளின் அழுத்தம் தலைகீழாகிறது. அப்படியானால் 3-4 இடையே வந்த பூஜ்யத்தையும் கேட்க வேண்டும்: அங்கே மின்னோட்டம் போகிறதா, அல்லது வேறு பக்கமாக ஒதுங்கிவிட்டதால் அழுத்தம் இல்லையா?

சோதிக்க, மின்னோட்ட முனைகளையும் மின்னழுத்த முனைகளையும் இடம் மாற்றிப் போடுங்கள், புலத்தின் குறியையும் திருப்புங்கள். இரண்டு எண்ணும் ஒன்றாக வர வேண்டும். வராவிட்டால் தொடர்புகளில் கோளாறு, பொருளைப் பற்றிப் பேசவே கூடாது. ஒன்றாக வந்தால், மின்னோட்டத்தை 3-4 அருகிலுள்ள எதிர்முனைகள் வழியாகக் குறுக்கே விட்டு மறுபடி அளந்து பாருங்கள். எல்லா வழியிலும் பூஜ்யம் என்றால் அந்தப் பகுதி உண்மையிலேயே மீக்கடத்தி.

கடற்காற்று, டர்பன் | 17 பிப்ரவரி, இரவு 9.30

கோணம் ஏன் சிதறியது என்று பார்ப்போம். கிழித்து அடுக்கும் முறைதானே? ஒரே கிராஃபீனில் பாதியைப் போரான் நைட்ரைடு ஓரத்தால் கிழித்துத் தூக்கி, மேடையைத் திருப்பி, மீதிப் பாதியை எடுப்பது. நான் கவனிக்கச் சொல்வது நான்கு இடங்கள்.

போரான் நைட்ரைடை 90 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி எடுக்கலாம், ஆனால் கிராஃபீன் எடுக்கும்போது மேடை அறை வெப்பநிலையில் இருக்க வேண்டும். சூடு இரண்டு தாள்களையும் ஒன்றின் மேல் ஒன்று நேராக உட்காரத் தள்ளும், கோணம் பூஜ்யத்துக்கு நழுவும். அதற்காகவே குறியைவிட 0.1 முதல் 0.2 டிகிரி கூட வைத்துத் திருப்புகிறோம். கிழிப்பது இழுவையைத் தாளுக்குள் விட்டுவிடும். ஒட்டுநாடா உரித்த நிலையிலேயே அணுவிசை நுண்ணோக்கி ஊசியால் வெட்டிவைத்தால் அது குறையும். தாள்களைத் தூக்கும் பாலிகார்பனேட் படலம் இறங்கும் வேகம் சீராக இருக்க வேண்டும், அது தொட்டு நகரும் விளிம்பு நடுவில் நின்று மறுபடி நகர்ந்தால் நின்ற கோட்டில் கோணம் மாறும். கடைசியாகக் குமிழ்கள். கிராஃபைட்டோடு சேர்த்து அடுக்கியபின் 160 முதல் 180 டிகிரியில் படலத்தை விடுவித்து குளோரோஃபார்மில் கரைக்கிறோம், அதற்கு மேல் சூடுபடுத்திக் குமிழைத் தள்ளப் பார்த்தால் கோணம் போய்விடும். குமிழ் இருக்கட்டும். குமிழில்லாத சதுரத்தைத் தேடி அதில் மட்டும் அளக்கும் துண்டைச் செதுக்குங்கள், 1 மைக்ரோமீட்டர் அகலமானாலும் போதும்.

இவ்வளவு கவனமாகச் செய்தாலும் ஒரே மாதிரிக்குள் 0.1 டிகிரி வரை அலைவது இயல்பு. 2020-இல் ஊசிமுனைக் காந்தமானியால் வரைபடமே எடுத்துக் காட்டினார்கள்.

மலைப்பாதை, பீட்டர்மாரிட்ஸ்பர்க் | 20 பிப்ரவரி, இரவு 10.15

இடம் மாற்றிப் போட்டேன், எண்கள் ஒத்துப்போகின்றன. 3-4 பகுதியில் குறுக்கே விட்டாலும் 2 ஓமுக்குக் கீழ். விசிறியிலிருந்து கோணம் அங்கே 1.09, 5-6 இடையே 0.97. நைட்ரைடு ஓரம் ஒன்று கிராஃபீன் ஓரத்துக்கு இணையாக இருப்பதும் 5-6 பக்கம்தான்.

கடற்காற்று, டர்பன் | 20 பிப்ரவரி, இரவு 10.50

அப்படியென்றால் 3-4 பகுதியை மீக்கடத்தல் என்று எழுதுங்கள், 20 மில்லிடெஸ்லாவையும் 35 நானோஆம்பியரையும் இரண்டு கோணங்களையும் சேர்த்து. 5-6-ஐ மறைக்காதீர்கள், அதே பக்கத்தில் போடுங்கள். நைட்ரைடு கிராஃபீனோடு நேராக உட்கார்ந்தால் சமச்சீர் உடைந்து மீக்கடத்தல் பெரும்பாலும் போய்விடும், உங்கள் 40 ஓமுக்கு 0.97 ஒரு காரணம், இந்த ஓரம் இன்னொன்று. இரண்டையும் பிரிக்க அடுத்த அடுக்கில் நைட்ரைடை 15 டிகிரி சாய்த்து வையுங்கள்.

குளிரூட்டியைச் சூடாக்கும் முன் ஒரு இரவு மீதம் இருந்தால், மாறுநிலை மின்னோட்டத்தைப் புலத்துக்கு எதிராக ஒரு மில்லிடெஸ்லாப் படியில் ஓட்டிவிடுங்கள். ஏற்ற இறக்கமாக அலை வந்தால் அதுவும் மீக்கடத்தலின் அடையாளம், மறுபடி இங்கே போடுங்கள்.